அந்தக் குள்ளனுக்குக் கூலி யார் கொடுத்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு 46 வயது. தஞ்சாவூரில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு, என் மகள் படித்துவிட்டு மேசைமேல் வைத்திருந்த கெயில் கார்சன் லெவினின் ‘எல்லா என்சாண்டட்’ நாவலைத் தற்செயலாக எடுத்துப் புரட்டினேன். சின்ட்ரெல்லா கதைதான், ஆனால் முழு நாவலாக எழுதப்பட்டிருந்தது. ஒரே இரவில் முடித்தேன். அதிலிருந்து தேவதைக் கதைகளை நாவலாக விரித்து எழுதிய புத்தகங்களைத் தேடிப் படித்து வருகிறேன். சின்ட்ரெல்லாவை இயந்திரக் கால் பொருத்திய மெக்கானிக்காக மாற்றிய மரிஸ்ஸா மேயரின் ‘சின்டர்’ படித்தேன். இப்போது நவோமி நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’. வீட்டு வேலையெல்லாம் முடிந்து இரவு 11 மணிக்கு மேல்தான் படிக்க முடிகிறது. வேறு எந்தப் புத்தகமும் எனக்கு இந்த மகிழ்ச்சியைத் தருவதில்லை.

எங்கள் வாசிப்புக் குழுவில் இதைச் சொன்னபோது, “இந்த வயதில் குழந்தைக் கதையா, ஏதாவது கனமாகப் படியுங்கள்” என்றார்கள். இது வெறும் தப்பித்தல்தானா? சிறிய, அழகான மூலக் கதையை 400 பக்கத்துக்கு இழுப்பது அந்த மூலத்தைச் சிதைப்பது ஆகாதா? மூலத்தில் இல்லாத காரணங்களையெல்லாம் புகுத்துவது சரிதானா?

‘ஸ்பின்னிங் சில்வர்’ நாவலில் பனி அரசன் வருகிற பகுதிகள் அற்புதமாக இருந்தன. தொடக்கத்தில் அந்தப் பெண் வீடு வீடாகப் போய்க் கடன் வசூலிப்பதும் கணக்கு எழுதுவதும் நீண்டுகொண்டே போனதால் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டேன். வங்கியில் நாள் முழுவதும் அதைத்தானே பார்க்கிறேன்! அடுத்து என்னென்ன படிக்கலாம் என்று ஒரு பத்துப் புத்தகங்களின் பட்டியல் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கேள்விகளுக்காக மட்டும் என்றால் தனிப்பட்ட முறையில் நான்கு வரிகள் எழுதி அனுப்பியிருப்பேன். நீங்கள் கேள்வியாக எழுப்பாமல், போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வாக்கியம் மூன்று நாட்களாக என்னை விடவில்லை. இரண்டு மாதங்களாக நான் நினைத்துக்கொண்டிருக்கும் விஷயத்தின் நடுவில் வந்து அது உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் இந்த நீண்ட பதில்.

சிறியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். 46 வயதில் தேவதைக் கதை படிக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்காதீர்கள். பகல் முழுவதும் வங்கியில் உழைத்து, வீட்டையும் பார்த்து முடித்து, இரவு 11 மணிக்கு மேல் உங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்கிற ஒரு மணி நேரத்துக்குக் கணக்குக் கேட்க எந்த வாசிப்புக் குழுவுக்கும் உரிமை இல்லை. அவர்கள் கேட்டார்கள் என்பதைவிட, அந்தக் கேள்வியை நீங்களே சுமந்துகொண்டு வந்து என் முன்னால் வைத்தீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதிய கையோடு அது குற்றமா என்றும் கேட்கிறீர்கள். தப்பித்தல் என்ற சொல்லைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பட்டியலும் தரப்போவதில்லை. பட்டியல் கையில் இருந்தால் அடுத்த புத்தகத்துக்குப் போகும் அவசரத்தில் இன்னும் பல பக்கங்களைப் புரட்டிவிடுவீர்கள்.

‘மூலம்’ என்ற சொல்லை உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் பேசத்தான் வேண்டும். சிறிய அழகிய மூலக் கதை ஒன்று முன்பு இருந்தது, இன்றைய நாவலாசிரியர்கள் வந்து அதைப் பிடித்து நீட்டினார்கள் என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். ‘அழகியும் விலங்கும்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நமக்குத் தெரிந்த அந்தக் கதையை 1740-இல் பிரெஞ்சில் எழுதி வெளியிட்டவர் வில்நெவ் சீமாட்டி. அவர் எழுதியது நூறு பக்கங்களைத் தாண்டும் நீண்ட கதை. அதில் வணிகருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். விலங்கு மனிதனாக மாறிய பிறகும் கதை முடிவதில்லை. அழகியின் பிறப்பு, தேவதைகளுக்குள் நடந்த பூசல்கள், அவர்களுடைய சட்டங்கள் என்று இன்னும் நெடுந்தூரம் போகிறது. 16 ஆண்டுகள் கழித்து, 1756-இல், லண்டனில் ஆசிரியையாக வேலை பார்த்த லெப்ரன்ஸ் த பொமோன் என்ற பெண்மணி, சிறுமிகளுக்குப் பாடம் சொல்வதற்காக அதை வெட்டிச் சுருக்கினார். நாம் குழந்தையாக இருந்தபோது கேட்டது அந்தச் சுருக்கத்தின் வழிவந்த கதையைத்தான். ஆகவே 1978-இல் ராபின் மெக்கின்லி இந்தக் கதையை ‘பியூட்டி’ என்ற நாவலாக எழுதியபோது ஒரு சிறுகதையை அவர் இழுத்து நீட்டிவிடவில்லை. ஒருகாலத்தில் நீளமாக இருந்ததற்கு அதன் நீளத்தைத் திரும்பக் கொடுத்தார். அதோடு அவருக்கு மனம் அடங்கவில்லை. 19 ஆண்டுகள் கழித்து அதே கதையை ‘ரோஸ் டாட்டர்’ என்று மறுபடியும் புதிதாக எழுதினார். ஒரே எழுத்தாளர், ஒரே கதை, இரண்டு முழு நாவல்கள். எது மூலம், எது சிதைவு என்று இங்கே எப்படிப் பிரிப்பீர்கள்?

ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? 1812-இல் முதல் தொகுதி வந்தது. 1857-இல் ஏழாம் பதிப்பு. இடைப்பட்ட 45 ஆண்டுகளும் அவர்கள் கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். 1812-இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். பெற்றவள் அப்படிச் செய்வதை அச்சில் பார்க்கப் பொறுக்காமல் 1819 பதிப்பில் அவளைச் சிற்றன்னையாக மாற்றினார்கள். வைக்கோலைப் பொன்னாக நூற்கச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஒரு குட்டி மனிதன் உதவுகிற ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதையின் முடிவில், தன் பெயரை அரசி சொல்லிவிட்டாள் என்ற கோபத்தில் அந்தக் குட்டி மனிதன் தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொள்வதைப் படித்திருப்பீர்கள். 1812-இல் அவன் கோபித்துக்கொண்டு ஓடிப்போகிறான், அவ்வளவுதான். கிழித்துக்கொள்வது பிறகு சேர்ந்தது. இதற்கெல்லாம் முன்பு, 1810-இல், அவர்கள் கையெழுத்தாக எழுதி வைத்த வடிவம் ஒன்று உண்டு. அந்த வடிவத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். அதில் அந்தப் பெண்ணுக்கு வைக்கோலைப் பொன்னாக்கத் தெரியவில்லை என்பது துக்கம் அல்ல. அவளிடம் ஆளிச்செடி நாரைக் கொடுத்து நூற்கச் சொல்கிறார்கள். அவள் எவ்வளவு முயன்றாலும் பொன்னிழைதான் வருகிறது, உடுத்துவதற்கான நூல் வரவில்லை. நூல் நூற்க முடியவில்லையே என்றுதான் அவள் அழுகிறாள். இரண்டே ஆண்டுகளுக்குள் அந்த அழுகை தலைகீழாக மாறிப்போனது. அதை மாற்றியது இன்றைய நாவலாசிரியர் யாரும் இல்லை.

மூலத்தைப் பற்றி இது போதும். இப்போது அந்தப் புரட்டிய பக்கங்களுக்கு வருகிறேன்.

ச., அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே நான் சொல்கிறேன். அந்த நாவலின் நாயகி மிர்யெமின் தந்தை வட்டிக்குக் கடன் கொடுப்பவர், ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கத் தெரியாதவர். ஊரே அவர் மனைவியின் சீதனப் பணத்தைக் கடனாக வாங்கிக்கொண்டு செழிப்பாக இருக்கிறது; அவர் வீட்டில் குளிர்காயக்கூட வழியில்லை, தாய் நோயில் கிடக்கிறாள். அப்போது மிர்யெம் எழுந்து, கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பனியில் வீடு வீடாகப் போகிறாள். காசாக இல்லாவிட்டால் பண்டமாக வாங்கி வருகிறாள். குடிகாரர் ஒருவர் கடனைக் கட்ட முடியாதபோது, அவருடைய மகள் வாண்டா வேலை செய்து கழிக்கட்டும் என்று ஏற்பாடு ஆகிறது. வாண்டாவுக்கோ அது நிம்மதி. அந்தக் கடன் முடியும்வரை தந்தை அவளை யாருக்கும் விலைபேசிக் கட்டிக்கொடுக்க முடியாது. மிர்யெம் அவளுக்கு எண்களை எழுதவும் கூட்டவும் கற்றுக்கொடுக்கிறாள். அது வாண்டாவுக்கு மந்திரமாகத் தோன்றுகிறது. பனி அரசன் வருவதற்கு முன்பே அந்த நாவலில் மந்திரம் நடந்துவிட்டது. நீங்கள் அதைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண், பற்றும் வரவும் எழுதத் தெரிந்த ஒரு பெண், இன்னொரு பெண் முதன்முதலாகக் கணக்குக் கற்கும் இடத்தைச் சலிப்பு என்று புரட்டியதை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் வேலையை நீங்களே அவ்வளவு சிறியதாக நினைக்கிறீர்களா?

என் கோபத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்றால் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அம்மா கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் ரீலிங் பிரிவில் வேலை பார்த்தார். 17 வயதில் சேர்ந்தார். முதல் சம்பளத்தன்று தாத்தா மில் வாசலில் நின்று அதை அப்படியே வாங்கிக்கொண்டு போனார் என்பதை அம்மா எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார். ரீலிங் என்றால் நூலைச் சிட்டமாகச் சுற்றுவது. ஒரு சிட்டத்துக்கு 840 கஜம். ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் அந்த நூலின் கவுண்ட். 40 சிட்டம் வந்தால் 40-ஆம் கவுண்ட். கைத்தறிக்காரர்களுக்குப் போகிற நூல் அது. எண்ணிக்கைக்குத் தகுந்த கூலி என்பதால் இழை அறுந்தால் நொடியில் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். சிக்கு விழுந்த சிட்டத்துக்குக் கூலி கிடையாது. நூல் ஓடி ஓடி அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சிறுவனாக இருந்தபோது அந்தப் பள்ளத்தில் என் நகத்தை வைத்துப் பார்ப்பேன், சரியாகப் பொருந்தும். இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் காதும் பாதி போய்விட்டிருந்தது. ஆகவே வீட்டில் எதை வாசித்தாலும் நான் கத்தித்தான் வாசிக்க வேண்டும். நாங்கள் லைன் வீட்டில் இருந்தோம். நான் வாசித்த கதைகளை அந்த வரிசையில் இருந்த எல்லா வீடுகளும் கேட்டன.

பள்ளி நூலகத்திலிருந்து கிரிம் கதைகளின் தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, மில் சங்கு ஊதி அம்மா வந்த பிறகு, அவர் தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது நான் ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதையை வாசித்தேன். மாவு ஆலைக்காரர் ஒருவர் தன் மகள் வைக்கோலைப் பொன்னாக நூற்பாள் என்று அரசனிடம் பெருமை பேசிவிடுகிறார். அரசன் அவளை வைக்கோல் நிறைந்த அறையில் பூட்டி, விடிவதற்குள் நூற்காவிட்டால் சாவு என்கிறான். குட்டி மனிதன் ஒருவன் வருகிறான். முதல் இரவு கழுத்துச் சங்கிலிக்கும், இரண்டாம் இரவு மோதிரத்துக்கும், மூன்றாம் இரவு அவளுக்குப் பிறக்கப்போகும் முதல் குழந்தைக்கும் நூற்றுக் கொடுக்கிறான். ராட்டை மூன்று முறை சுற்றியது, கண்டு நிறைந்தது. விடிந்தபோது வைக்கோல் எல்லாம் பொன்னாகியிருந்தது. பிறகு அரசியான அவள், அவன் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லிக் குழந்தையைக் காப்பாற்றிக்கொள்கிறாள். நான் வாசித்து முடித்ததும் அம்மா கேட்டார்:

“ஏங் கண்ணு, மூணு ராத்திரி உக்காந்து நூத்தவனுக்கு ராஜா என்ன கூலி குடுத்தான்?”

ராஜா ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். அவன் குழந்தையைக் கேட்ட கெட்டவன் என்றும் சொன்னேன். “கொழந்தையக் கேட்டது தப்புத்தான். ஆனா மூணு ரூம்பு பொன்னு வாங்கிட்டுப் போனவன ஏன் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல?” என்றார். அவருடைய அந்தக் கேள்விக்கு எனக்குப் பல வருடங்கள் பதில் கிடைக்கவில்லை. கதையைப் பற்றி எழுதப்பட்ட பல கட்டுரைகளைப் பிறகு படித்தேன். பெயரின் மந்திரம் பற்றியும் வாக்குறுதி பற்றியும் நிறையச் சொன்னார்கள். என் அம்மா கேட்டதை நான் படித்தவரையில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கதையில் எல்லாச் செல்வத்தையும் தன் கையால் உண்டாக்கியவன் அந்த ஒருவன்தான். ‘எனக்கு என்ன கொடுப்பாய்’ என்று வெளிப்படையாகக் கூலி பேசியவனும் அவன் ஒருவன்தான். அரசி செல்வமெல்லாம் தருகிறேன் என்றபோது, உலகத்துச் செல்வங்களைவிட உயிருள்ள ஒன்றுதான் எனக்குப் பெரிது என்று சொன்னவனும் அவன்தான்.

அம்மாவுக்கு மிகவும் பிடித்தது வேறொரு கதை. மூன்று நூற்பவர்கள் வருகிற கதை. ஒருத்திக்கு ராட்டையை மிதித்து மிதித்துப் பாதம் பரந்துவிட்டது. ஒருத்திக்கு இழையை ஈரப்படுத்தி ஈரப்படுத்திக் கீழுதடு தொங்கிவிட்டது. ஒருத்திக்கு முறுக்கி முறுக்கிக் கட்டைவிரல் தட்டையாகிவிட்டது. அவர்களைப் பார்த்துப் பயந்துபோன மாப்பிள்ளை, என் மனைவி இனி ராட்டையைத் தொடவே கூடாது என்று சொல்லிவிடுகிறான். இதை வாசித்தபோது அம்மா ஈரக் கையோடு எழுந்து பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து, மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். இரண்டு பேரும் தங்கள் விரல்களை நீட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கதைகளைப் பிறப்பித்தவர்களுக்கு நூற்பது என்றால் என்ன என்று தெரியும். ஹோலே அம்மாள் கதையில் கிணற்றடியில் உட்கார்ந்து நூற்கிற பெண்ணின் விரல்களில் இரத்தம் கசிகிறது. நூல் சுற்றும் கதிரைக் கழுவப் போய் அதைக் கிணற்றில் தவறவிடுகிறாள். ஜெர்மானியக் கிராமங்களில் குளிர்கால இரவுகளில் பெண்கள் ஒரே அறையில் கூடி, விறகையும் விளக்கையும் பகிர்ந்துகொண்டு நூற்றார்கள். கதைகள் அங்கே சொல்லப்பட்டன. நான் இத்தனை காலம் யோசித்து வந்து சேர்ந்த இடம் இதுதான். அந்த அறையில் இருந்து, ‘விடிந்தபோது எல்லாம் நூற்று முடிந்திருந்தது’ என்று ஒருத்தி சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருத்தியின் கையிலும் இழை ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இரவில் எவ்வளவு நூற்க முடியும் என்று அவர்களுடைய தோள்பட்டைக்குத் தெரியும். ஆகவே கதை அதைச் சொல்ல வேண்டியதில்லை. உழைப்பு அந்த அறையிலேயே இருந்தது. அந்த ஒற்றை வாக்கியத்தைக் கேட்டு அவர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள். அதே வாக்கியம் அச்சுக்கு வந்து, கையில் ராட்டை இல்லாதவர்களுக்கு, நடுத்தர வீட்டுக் குழந்தைகளின் படுக்கையறைக்குப் போனபோது, உழைப்பு கழன்று விழுந்துவிட்டது. மாயம் மட்டும் மிஞ்சியது. கிரிம் சகோதரர்களுக்குக் கதை சொன்னவர்களிலேயே பலர் காசல் நகரத்தின் படித்த குடும்பத்துப் பெண்கள்தான் என்பதால், இந்த விலகல் அச்சுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

நாவல் வந்து அந்த உழைப்பைத் திரும்ப அறைக்குள் கொண்டுவருகிறது. 400 பக்கங்கள் எதற்கு என்று கேட்டீர்கள், இதற்குத்தான். ‘ஆறு அன்னங்கள்’ கதையில் தங்கை ஆறு ஆண்டுகள் பேசாமல், சிரிக்காமல், பூக்களைக் கோத்துச் சகோதரர்களுக்கு ஆறு சட்டைகள் தைக்கிறாள். கதையில் அந்த ஆறு ஆண்டுகளுக்குச் சில வரிகள்தான். ஜூலியட் மரிலியர் 1999-இல் அதை ‘டாட்டர் ஆஃப் தி ஃபாரஸ்ட்’ என்று அயர்லாந்தில் நடக்கும் நாவலாக எழுதியபோது, முள் நிறைந்த அந்தச் செடியைப் பறித்து, நாராக்கி, நூற்று, நெய்து, அந்தப் பெண்ணின் கைகள் வீங்கிக் கரடுதட்டிப்போவது பக்கம் பக்கமாக வந்தது. அந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் கடைசிச் சட்டைக்கு ஓர் இடக்கை இல்லாமல் போனது என்பதன் பாரம் எனக்கு விளங்கியது. நீங்கள் படித்த ‘சின்டர்’ நாவலின் முதல் பகுதிகள் எனக்குப் பிடித்ததும் இதனால்தான். சந்தையில் கடைபோட்டு எண்ணெய்க் கையோடு பழுதுபார்க்கிற பெண்ணாக அவள் இருக்கிறாள், அவள் உழைப்பைச் சிற்றன்னை தின்கிறாள். பின்னால் வந்த தொகுதிகளில் போரும் அரண்மனையும் பெருகப் பெருக அந்தக் கைகள் காணாமல் போய்விட்டன என்பது என் வருத்தம். நீளத்தை எடுத்துக்கொண்டு காதல் பேச்சையும் வாள் சண்டையையும் மட்டும் நிரப்புகிற மறுபுனைவுகள் நிறைய வருகின்றன. அவற்றைத் தாராளமாகப் புரட்டிக்கொண்டு போங்கள், நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

‘ஸ்பின்னிங் சில்வர்’ அந்த வகை இல்லை. வெள்ளியைப் பொன்னாக்குவேன் என்று மிர்யெம் சொன்ன சொல்லைப் பனி அரசன் கேட்டுவிடுகிறான். முதலில் ஆறு வெள்ளி நாணயங்களும், அடுத்து அறுபதும், பிறகு அறுநூறும் கொண்டுவந்து தருகிறான். அவளிடம் அப்போது மாயம் எதுவும் இல்லை. நகரத்துப் பொற்கொல்லரிடம் போகிறாள். அவர் உருக்கி மோதிரம் செய்கிறார், அடுத்த முறை கழுத்தணி, அதற்கடுத்த முறை கிரீடம். அவற்றைப் பிரபுவிடம் விற்றுப் பொன் பெறுகிறாள். பழைய ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதையின் மூன்று இரவுகளும் இங்கே மூன்று பேரங்களாக, ஒரு கைவினைஞரின் மூன்று வேலைகளாக ஆகின்றன. பிறகு பனி அரசின் மூன்று கிடங்குகள் வருகின்றன, அவற்றில் இருக்கும் வெள்ளியை எல்லாம் அவள் பொன்னாக்க வேண்டும். அரசனின் மூன்று அறைகள்தான் அவை. மூன்றாவது கிடங்கில் அவளால் தனியாக முடியாமல் போகும்போது, இரவும் பகலும் வெள்ளியைச் சுமந்து வெளியேற்றுவது அவளுடைய வேலையாட்கள். அவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. அவள்தான் பெயர் வைக்கிறாள். பெயரைக் கண்டுபிடித்துக் கூலியை மறுப்பதாக முடிந்த பழைய கதை, கூடச் சுமந்தவர்களுக்குப் பெயர் கொடுத்து அவர்களிடம் தான் பட்ட கடனை ஒப்புக்கொள்வதாக இங்கே திரும்புகிறது. முதல் நூறு பக்கங்களில் கணக்கு எழுதக் கற்ற பெண் என்பதால்தான் அவளுக்கு அது தெரிகிறது. அந்தப் பக்கங்களைப் படிக்காமல் கிடங்குக் காட்சியைப் படித்திருக்கிறீர்கள். உங்களுக்கு அங்கே கிடைத்தது பனியின் அழகு மட்டும்தான் என்று நினைக்கும்போது எனக்குத் துக்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வட்டிக்காரர் என்றால் கூன் விழுந்த, பேராசை பிடித்த, பிள்ளை பிடிக்கிற உருவம் என்று ஐரோப்பா பல நூற்றாண்டுகளாக யூதர்களைப் பற்றிச் சொல்லி வந்தது. கிரிம் தொகுப்பிலேயே 110-ஆவது கதையில் ஒரு யூதரை முட்புதருக்குள் ஆடவைத்து, கடைசியில் தூக்கிலும் போடுகிறார்கள். படிக்கிறவர் சிரிக்க வேண்டும் என்று எழுதப்பட்ட கதை அது. மிர்யெம் யூதப் பெண். நாவலின் தொடக்கத்திலேயே அவள், நீங்கள் கேட்ட அழகான கதை உண்மையில் கடனைத் திருப்பிக் கொடுக்காமல் தப்பிப்பதைப் பற்றிய கதை என்று சொல்லிவிடுகிறாள். என் அம்மா தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டே கேட்ட அந்தக் கேள்வியை 2018-இல் அச்சிட்ட ஒரு நாவலின் முதல் பக்கத்தில் பார்த்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்கு இப்போது 81 வயது. அவர் வேலை பார்த்த மில் மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. வரவேண்டிய தொகையில் பாதிதான் வந்தது. காது முழுவதுமாகவே போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு மாதங்களாக, மாலை நேரங்களில், இந்த நாவலை அவருக்கு அருகில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன். பழையபடியே கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பனி அரசனின் மாளிகையை நான் எவ்வளவு விரிவாகச் சொன்னாலும் அவருக்கு அக்கறை இல்லை, “செரி, மேல சொல்லு” என்கிறார். மிர்யெம் பனியில் நடந்து போகிற இடத்தில், காலில் என்ன போட்டிருக்கிறாள் என்று கேட்டார். வாண்டாவின் கடன் எவ்வளவு கழிந்திருக்கிறது என்று அத்தியாயத்துக்கு ஒரு தடவை கேட்கிறார்.

சென்ற வாரம், உங்கள் கடிதம் வந்த அன்று மாலை, வாண்டாவுக்குக் கடனில் கழிவது போகக் காசாகவும் கூலி கிடைக்கத் தொடங்குகிற இடத்துக்கு வந்தோம். அந்தக் காசை அவள் தன் தாயைப் புதைத்த வெள்ளை மரத்தடியில் ஒளித்து வைக்கிறாள். நீங்கள் புரட்டிவிட்ட பக்கங்களில்தான் அது இருக்கிறது. அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“காச அவ கையில குடுத்தாங்களா, அவங்கப்பங் கையில குடுத்தாங்களா?”

அவள் கையில்தான் என்று சொன்னேன். கேட்கவில்லை. இன்னொரு முறை, உரக்க, “அவ கையிலதாம்மா” என்றேன். அந்த இடத்தை மறுபடியும் சொல்லச் சொன்னார்.

அன்புடன்.